தொப்புளுக்கு இரண்டு விரல் மேலே

கேத்தி பாலாடாவில் கேரட் கழுவும் தொட்டி.
தை மாதத்துத் தண்ணீர்.
இறங்கியவர்கள் எல்லாம் பல் கிட்டி ஏறிவிட
ஜோகி மட்டும் நின்றிருந்தாராம்,
"இன்னிக்குக் குளிரே இல்லையே" என்று.

மாசி சொல்லித்தான் இது தெரியும்.
சொல்ல வேண்டியவரோ
லாரியைப் பற்றியே பேசுகிறார்:
முப்பத்தோரு வருஷம் மேட்டுப்பாளையம் மண்டிக்கு,
ஒரு தடவைகூட பிரேக் தப்பியதில்லை.
போன மாதம்தான்
மிதித்தோமா இல்லையா என்று
குனிந்து பார்க்க வேண்டியிருந்தது.

கூடவே ஒரு பழைய ஓ.பி. சீட்டு.
'கால் மதமதப்பு. சர்க்கரை. வயது.'
பக்கத்தில் சத்து மாத்திரை, இரு வேளை.
கையெழுத்து என்னுடையது.
அன்று வெளியே எண்பது பேர் நின்றார்கள்.
அது காரணம்தான், பதில் இல்லை.

இன்று சுத்தியலை எடுத்தேன்.
சர்க்கரை தின்ற நரம்பென்றால்
முழங்கால் ஊமையாக இருக்கும்.
இது உதைத்தது, என் மேசை டிராயரை.
"நான் இல்லீங்க டாக்டர்" என்றார்,
பிள்ளை செய்த தப்புக்குத் தகப்பன்போல.
உள்ளங்காலில் சாவியால் கோடிழுத்தேன்.
பெருவிரல் மெல்ல
மேல்நோக்கி நிமிர்ந்தது.
எனக்கு நாக்கு வறண்டது.

கண்ணை மூடச் சொல்லி
குண்டூசியோடு பாதத்திலிருந்து ஏறினேன்.
கணுக்கால், இல்லை. முட்டி, இல்லை.
தொடையில், "கம்பளிக்கு மேலே யாரோ தொடுற மாதிரி."
தொப்புளுக்கு இரண்டு விரல் மேலே
"ஸ்ஸ்" என்றார்.
அங்கே பேனாவால் ஒரு கோடு.

"காலில் ஒன்றுமில்லை" என்றேன்.
"முதுகில், வழியில்தான்..."
சொல் தேடினேன்.
"மண்ணு சரிஞ்சிருக்கா?"
பர்லியாறுக்கு மேலே ரோடு அடைத்தால்
பழுதில்லாத வண்டிகள்தானே வரிசையாக நிற்கும்,
அவருக்குத் தெரியாததா.

கட்டியா, காசநோயா, ஸ்கேன்தான் சொல்லும்.
அடைத்து எத்தனை நாள் என்பதில் இருக்கிறது மீதி.
"ஒன்னுக்குப் போறது?" என்று கேட்டேன்.
ஜன்னலைப் பார்த்தார்.
"செவ்வாய்க்கிழமையிலிருந்து கஷ்டம்" என்றாள் மாசி.
இன்று வெள்ளி.

கோயம்புத்தூருக்கு ஆம்புலன்ஸ், இப்போதே.
பழைய சீட்டைக் கிழிக்கவில்லை,
புதியதன் அடியில் வைத்துப் பின் அடித்தேன்.
"முதலில் தப்பாக எழுதினது நான்தான்" என்றேன் மாசியிடம்.
அவள் ஒற்றைச் செருப்பைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.
மற்றது எங்கே கழன்றதென்று
அவருக்கே தெரியாதாம்.

கதவு சாத்தும்போது
உள்ளே படுத்தபடி ஜோகியின் குரல்:
"மேகம் இறங்கியிருக்கு தம்பி,
செகண்ட் கியரிலேயே போ."