இடது காதில் ஒரு கிழிசல்

ஆறு மணிக்குத்தான் பூங்காவின் கதவு திறக்கும்.
ஐந்துக்கே இருக்கைகளில்
ஒன்பது கம்பளிகளும் ஒன்பது வெந்நீர்ப் பைகளும்
வைத்து முடித்துவிட்டேன்.
ஜூன் மாதம். லுவாங்வா ஆற்றின்மேல் மூட்டம்.
அதற்குள்ளிருந்து நீர்யானைகள் செருமுகின்றன,
வாடகை பாக்கி கேட்டு வந்தவர்கள் போல.

"இன்றைக்குச் சிறுத்தை கிடைக்குமா?"
முன்னிருக்கைக்காரர் கேட்கிறார்,
சந்தையில் மீன் விசாரிக்கிற தொனியில்.
பார்க்கலாம் ஐயா.
இந்தச் சொல்லுக்குத்தான்
பதினோரு வருடமாகச் சம்பளம்.

முதல் யானைக்கு முன்னால் என் வேடிக்கை ஒன்று உண்டு.
என் பெயர் டிசாவுகே ன்ஜோவு.
ன்ஜோவு என்றால் எங்கள் மொழியில் யானை.
சிரிப்பார்கள். இன்றும் சிரித்தார்கள்.
டிசாவுகே என்றால் பாடுபடுவோம் என்று பொருள்.
அதை யாரும் கேட்பதில்லை,
நானும் சொல்வதில்லை.

மோப்பானி மரங்களுக்கு நடுவே
அவன் தனியாக நின்றான்.
இடது காதில் கிழிசல்,
பூட்டில் சாவி திருகியதுபோல.
முகாமில் அவனுக்கு ஆல்பர்ட் என்று பெயர்.
ஒன்பது கேமராக்கள்
ஒரே நேரத்தில் இமைத்தன.

நேற்றிரவு மூன்று மணிக்கு லாக்சன் அழைத்தான்.
முதலில் தகரம் தட்டும் சத்தம்தான் கேட்டது,
பக்கத்து வீடுகள் எல்லாம் தட்டிக்கொண்டிருந்தன.
பிறகு என் கணவனின் குரல், மூச்சு வாங்க:
"உன் சொந்தக்காரன் வந்துவிட்டுப் போனான்."
குதிர் சாய்ந்து கிடக்கிறதாம்.
மிளகாயும் சாணமும் பிசைந்து நெருப்பு வைத்த கட்டி
எப்போதோ அணைந்துவிட்டதாம்.
"கண்ணயர்ந்துவிட்டேன்" என்றான்.
பத்தொன்பது மூட்டை போட்ட இடத்தில்
நாலு.
எந்த யானை என்று கேட்டேன்.
இருட்டு, என்றான். காது மட்டும் தெரிந்தது.

ஆல்பர்ட் வாலைத் தூக்கினான்.
பின்னிருக்கையில் கைதட்டல்.
பிறகு எங்களைப் பொருட்படுத்தாமல்
ஆற்றுப் பக்கம் போய்விட்டான்,
அவ்வளவு பெரிய உடம்பு, ஒரு சருகின் ஓசைகூட இல்லை.

நான் இறங்கினேன்.
சாணத்தைக் குச்சியால் பிளந்து காட்டுவது
எங்கள் வழக்கம்.
இது விதை, இது பட்டை, இது நார்,
இவன் நடந்தால் காடும் நடக்கிறது என்பேன்.
நன்றாக எடுபடும் வரி அது.

ஆவி பறந்தது.
உள்ளே வெள்ளை வெள்ளையாய்,
பல் படாமல், முழுசு முழுசாய்.

"அது என்ன விதை?"
ஒரு சிறுமி எட்டிப் பார்த்தாள்,
மூக்கைப் பொத்திக்கொண்டு.
மக்காச்சோளம்.
"காட்டில் மக்காச்சோளம் விளையுமா?"

காட்டில் இல்லை அம்மா.
என் வீட்டில்.

முன்னிருக்கைக்காரர் கேமராவைத் தாழ்த்தினார்.
யாரோ பிளாஸ்க்கைத் திறந்து மூடினார்கள்.
சிறுமி மட்டும் என்னையும் சாணத்தையும்
மாறி மாறிப் பார்த்தாள்,
கணக்குச் சரியாக வராதவள் போல.
எனக்கும் வரவில்லை.
கோபம் வரும் என்று காத்திருந்தேன்.
அவன் நன்றாகத்தான் மென்றிருக்கவில்லை,
கடைவாய்ப் பல் தேய்ந்திருக்கும், வயசாகிறது
என்றுதான் தோன்றியது.

அப்போது வயர்லெஸ் கரகரத்தது:
கருங்காலி மரத்தடிக் குட்டை,
சிறுத்தை, கிளையில், இம்பாலாவோடு.
வண்டி முழுக்க மறுபடி உயிர் வந்தது.
கேமரா மேலே ஏறியது.

ஏறி உட்கார்ந்து கியர் போட்டேன்.
நேராகப் போகலாம், பாதை அகலம்தான்.
ஆனாலும் அந்தச் சாணத்தைச் சுற்றி
வளைத்துத்தான் ஓட்டினேன்,
ஒரு மணிகூட நசுங்காமல்.

கண்ணாடியில் பார்த்தேன்.
அதற்குள் கினிக்கோழிகள் வந்துவிட்டிருந்தன.