மாவு கருகிய வருடம்

எங்கே குடிப்பது என்றா கேட்கிறாய், செலீன்?
ஜூரிச்காரி நீ, பதினோரு மணிக்கே வந்து நிற்பாய்.
அந்த நேரத்துக்கு பாசல் தூங்குவதுபோல் நடிக்கும்.
நம்பாதே.
ஒவ்வொரு திரைக்குப் பின்னாலும்
யாரோ ஒருவர் இன்னொருவராக மாறிக்கொண்டிருப்பார்.

பாலத்தின் இறக்கத்தில் 'ஊமைச் சேவல்'.
பீர் தண்ணீராக இருக்கும், இருந்தாலும் போ.
முரசுக்காரர்கள் மேசை விளிம்பில்
விரல்களால் ஒத்திகை பார்ப்பார்கள்,
குவளைகள் தாமாக நகரும்.
உன்னுடையதைக் கையிலேயே வைத்திரு.

கோட்டில் இந்த வருடத்து வில்லையைக் குத்திக்கொள்.
செம்பு போதும், தங்கம் வாங்கிப் பகட்டாதே.
வெறும் மார்போடு வந்தால்
முகமூடி ஒன்று ஒரு பிடி காகிதத் துகளை
உன் கழுத்துக்குள் கொட்டிவிட்டுப் போகும்.
ஏப்ரலிலும் உதிரும் அது.

இரண்டு மணிக்கு மேல் குடிக்காதே.
சொல்வது யாரென்று சிரிக்காதே.
குடித்துவிட்டுப் படியில் விழுந்துதான்
என் முன்பல் பாதி போனது.
பாதிப் பல்லோடு குழல் ஊதினால்
காற்று தன் வழியைத் தானே பார்த்துக்கொள்கிறது.
அன்றிலிருந்து நான் வேடிக்கை பார்க்கிற கூட்டம்.

பிறகு
நான்கு.
தெருவிளக்கு, கடைவிளக்கு, கடிகார முகம்,
நகரம் முழுக்க ஒரே மூச்சில் அணையும்.
அதைப் பற்றி நான் பேசப்போவதில்லை.
பேசியவர்கள் எல்லாரும் கெடுத்துத்தான் வைத்திருக்கிறார்கள்.

குளிர் முழங்காலைப் பிடித்ததும் சூப்.
வறுத்த மாவு சூப்; முகத்தைச் சுளிக்காதே.
மேட்டுச் சந்தில் மார்லிஸ் கடை,
உள்ளே கரண்டி லுல்சிமுடையது.
ஜாகோவாவிலிருந்து வந்தவன்.
பத்தொன்பது முறை ஊர் இருண்டபோதும்
அவன் சட்டிக்கு முன்னால்தான் நின்றான்.
அடுக்களை விளக்கையும் அணைக்க வேண்டும், அது ஊர்க்கட்டளை.
இருட்டில் மூக்குதான் கண்:
இப்போது வைக்கோல்,
இப்போது செங்கல்,
இப்போது இறக்கு.
சுவரைத் தாண்டி முரசு வரும்.
அவ்வளவுதான் அவனுக்குத் திருவிழா.

முந்தின வருடம், மூன்று ஐம்பதுக்கு,
மார்லிஸ் அவன் ஏப்ரனை உருவினாள்.
"பத்து நிமிடம். போய்ப் பார். நான் கிண்டுகிறேன்."

அடுக்களைச் செருப்போடு வாசலில் நின்றான்.
இருட்டியது.
அறை அளவு பெரிய விளக்கு ஒன்று
சந்து முனையில் திரும்பியது,
அதன் அடியில் எட்டுக் கால்கள் மட்டும்.
லுல்சிம் எதுவும் சொல்லவில்லை.
அதன் பின்னால் நடக்கத் தொடங்கினான்,
கடன் கேட்கப் போகிறவன்போல் கொஞ்சம் தயங்கி.

மார்லிஸும் வாசலுக்கு வந்துவிட்டாள், கையில் கரண்டியோடு.
ஒரு குழு போனது. இன்னொன்று. இன்னொன்று.
நானும் அங்கேதான் நின்றேன், மறைப்பானேன்.
சட்டியை யாரும் நினைக்கவில்லை.

பாலத்து நடுவில் வைத்தே வாசனை வந்தது என்பான் அவன்.
மூன்று தெரு தாண்டி எப்படி வரும்?
வந்தது என்பான்.
கூட்டத்துக்கு எதிராக ஓடிவந்தான்,
ஒரு கால் செருப்பைத் தொலைத்து.

கரிச் சூப்பைத்தான் அன்று விற்றோம்.
ஐந்து மணிக்கு எந்த நாக்கும் விழித்திருப்பதில்லை;
இரண்டாவது கிண்ணம் கேட்டவர்கள்கூட உண்டு.
லுல்சிம் ஒரு வாய் வைத்தான், துப்பினான்.
மூன்று நாளும் மார்லிஸோடு பேச்சில்லை.
வியாழன் விடியலில்
துப்புரவு வண்டிகள் துகள்களைக் கூட்டும் சத்தத்தில்
என்னிடம் மட்டும் கேட்டான்:
"அந்த விளக்குக்கு அடியில் இருந்தவர்கள் யார்?"

போன வருடம் சட்டியை விட்டு நகரவில்லை.
மார்லிஸை நம்ப மாட்டான். என்னையும்.
நியாயம்தான்.
நான்கு மணிக்கு எங்களைக் கட்டிப்போட்டாலும்
வாசலுக்கு வந்துவிடுவோம்.

அதனால், செலீன்,
சொல்லாமல் வைத்திருந்ததைச் சொல்லிவிடுகிறேன்.
ஒரு ஜூரிச்காரி வருகிறாள் என்று சொல்லிவைத்திருக்கிறேன்,
நம் திருவிழாவின்மேல் எந்தப் பைத்தியமும் இல்லாதவள்,
கை வலுவானவள் என்று.
ஒப்புக்கொண்டான்.
சேவலில் ஒரு பீரோடு நிறுத்திவிட்டு
மூன்றரைக்குப் பின்கதவில் தட்டு.
இருட்டு உனக்கு அடுத்த வருடமும் கிடைக்கும்.

கையை நிறுத்தாதே.
வைக்கோல், செங்கல்.