மூன்றாவது தூண்

ஆகஸ்ட் பிறந்தால் குளவிகள் வந்துவிடும்,
கல்லாவுக்கு இடப்பக்கத்து மூன்றாவது தூணுக்கு.
இங்கே பூவில்லை, பழமில்லை.
செருப்பும் கைப்பையும் விற்கிறோம்.
மேல்தளத்தில் யாரோ மெழுகுவர்த்தி விற்கிறார்கள்.

மேலாளர் ராதிம் ப்ர்னோ நகரத்துப் பையன்.
தூணுக்கு மூன்று முறை பூச்சு மாற்றிவிட்டான்.
மூன்று முறையும்
குளிர்காலத்தில் வெப்பமூட்டி போட்டதும்
தேநீர்க் கறை போல ஒன்று
உள்ளேயிருந்து ஊறி எட்டிப்பார்த்தது.
கூரை ஒழுகுகிறது என்றார் ஒருவர்.
குழாய் என்றார் இன்னொருவர்.
நான் வாயைத் திறக்கவில்லை.
விற்பனைக்காரியிடம் யாரும் கேட்கவுமில்லை.

அந்தத் தூணையொட்டித்தான் பாகுக்குழாய் இறங்கியது.
மூட்டு கசியும். சாக்கைச் சுற்றிவைப்போம்.
மொராவியச் சேற்றைச் சாலையெல்லாம் இழுத்துக்கொண்டு
அக்டோபரில் பீட் கிழங்கு லாரிகள் வரத் தொடங்கினால்
புத்தாண்டு தாண்டும்வரை கொப்பரை ஆறாது.
அத்தனை வருடம்
செங்கல் குடித்ததை
எந்தப் பொறியாளர் அளந்தார்?

வடிவமைத்தவர்கள் பழையதில் சிலவற்றை விட்டுவைத்தார்கள்:
புகைபோக்கி,
கறுப்புச் சாயம் பூசிய இரண்டு பல்சக்கரங்கள்,
சுவரில் ஓர் அறிவிப்பு,
‘வெளியேறுமுன் பைகளைத் திறந்து காட்டவும்.’
அதன் கீழே நின்று பிள்ளைகள் படமெடுத்துக்கொள்கிறார்கள்.

அதே வாசலில் இப்போது இரண்டு வெள்ளைக் கம்பங்கள்.
பணம் கட்டாத பொருள் கடந்தால் கூவும்.
அன்றைக்குக் கூவியவர் ஒதாகர் கலிவோதா.
தேனெடுத்தவன் புறங்கையை நக்காமலிருப்பானா?
அவர் எங்கள் புறங்கையையும் திருப்பிப் பார்த்தார்.
ப்ளாஜெனாவின் காலுறைக்குள் கால் கிலோ இருந்தது.
ஒரு மாதச் சம்பளம் போயிற்று அவளுக்கு.
என்னுடையது காலுறையில் இல்லை.
எங்கே என்பதை
இப்போதும் சொல்வதாயில்லை.

போன வியாழக்கிழமை அவர் வந்தார்.
பேத்தியின் கல்யாணத்துக்குப் பழுப்புக் காலணி,
நாற்பத்து மூன்றாம் அளவு.
முட்டிபோட்டு நாடா கட்டிவிட்டேன்.
பெருவிரல் இடிக்கிறதா என்று அழுத்திப் பார்த்தேன்.
என்னை அவருக்குத் தெரியவில்லை,
அல்லது தெரிந்தது.

வாசலில் கம்பங்கள் கத்தின.
பெட்டிக்குள் இருந்த காந்தவில்லையை
நான் கழற்ற மறந்திருக்கிறேன்.
மறந்துதான் போனேன்.

யாரும் கேட்கவில்லை.
அவரே பையைத் தரையில் வைத்தார், திறந்தார்,
பின்வாங்கி நின்றார்.
பிறகு இரண்டு கைகளையும் நீட்டி,
புறங்கை மேலாக,
அப்படியே வைத்துக்கொண்டிருந்தார்.

ராதிம் ஓடி மன்னிப்புக் கேட்டான்.
பத்து சதவீதத் தள்ளுபடிச் சீட்டு கொடுத்தான்.
‘எதற்குக் கையை நீட்டினார் அந்தக் கிழவர்?’
என்று பின்னால் என்னிடம் கேட்டான்.
சில்லறை எண்ணிக்கொண்டிருந்தேன்,
எண்ணிக்கை விட்டுப்போய்விட்டது,
மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கினேன்.

சனிக்கிழமை பூச்சிமருந்துக்காரன் வந்தான்.
ஏணி போட்டான், விளக்கடித்தான், கூடு எதுவுமில்லை.
தூணை நகத்தால் சுரண்டி
முகர்ந்தான்.
சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு
விரலை வாயில் வைத்தான்.

மருந்து அடிக்காமலே ஏணியை மடித்தான்.
நாக்கில் அதோடு
வாசலைக் கடந்து போனான்.
கம்பங்கள் ஒன்றும் சொல்லவில்லை.