குன்றிமணி நிறை

சவிரிமுத்தர் சைக்கிளில் கட்டி வந்தது
பித்தளைக் கோது பதினேழு, வாயெல்லாம் கரி.
புளியும் சாம்பலும் போட்டு மினுக்கினேன்,
செம்புக்குப் போடுகிற அதே புளி.

மருந்து நிறுக்கிற நாளில் அடுப்பு இல்லை.
எங்களுக்குப் பழஞ்சோறு.
பொன் தராசின் ஒரு தட்டில் குன்றிமணி,
மறு தட்டில் கறுப்புத் தூள்.
"மூச்சை அடக்கு" என்பார் என் மனுசன்.
கூடினால் துவக்கு கடிக்கும்,
குறைந்தால் பன்றி சிரிக்கும்.

மாதகல் வலையில் கழன்ற ஈயம்தான் சன்னம்.
மேலே அடைக்க, பழைய கலியாணக் கார்டு
வட்டமாய் வெட்டியது.
யாரோ ஒரு மணமகளின் பெயரில் பாதி
உள்ளே போயிற்று.

பனையில் பால்மா டின் மூடி அறைந்து
சவிரிமுத்தர் குறி பார்ப்பார்.
தவறினால் மருந்தில் பிழை,
பட்டால் அவர் கண்.
மாங்குளத்து இறைச்சியில் பங்கு அயலுக்கு;
நாங்கள் மரக்கறி.
கோது திரும்பி வந்தால் போதும்.

இந்த முறை வந்தவன் வேறு ஆள்.
கோது நாற்பது. நகத்தில் அழுக்கில்லை.
"பன்றிக்கோ?"
"ஓம்."
"எந்தக் காடு?"
அவன் கிணற்றைப் பார்த்தான்.

இவர் பெட்டியைத் திறந்து கனநேரம் துழாவினார்.
"குன்றிமணியைக் காணேல்லைத் தம்பி.
நிறை இல்லாமல் நான் தொடமாட்டன்."

அது என் சேலை முடிச்சில் இருந்தது.

மறுநாள் ஒரு தோட்டுக்குப் பொன் நிறுக்க வேணும்.
அவிழ்த்துக் கொடுத்தேன்.
எப்ப எடுத்தனி என்று கேட்கவில்லை.
தட்டை ஊதினார், துடைத்தார்,
திரும்பவும் துடைத்தார்.