பன்னிரண்டு பக்கச் சண்டை

திருவாரூரில் அல்வாக்கடை மாடி.
மாதத்தின் இரண்டாம் ஞாயிறு.
பதினேழு பேர், இரண்டு மின்விசிறி,
அதில் ஒன்று ஓடாது.
ஓடம்போக்கியில் தண்ணி கரைக்கு வந்துடுச்சு என்று
ஆளாளுக்குச் சொல்லிவிட்டுத்தான்
குடையை மடக்கினார்கள்.

மேசைமேல் சிறப்பிதழ்.
கரும்பருந்தும் ஷம்ஸாவும்
முதன்முறை ஒரே அட்டையில்.
அவன் நாற்பது வருஷத்து ஆள்.
அவள் வந்து மூன்று வருஷம்.
தலையில் நீலத்துணி, கையில்
வெயிலை முறுக்கிச் செய்த கயிறு.

விதி எல்லோருக்கும் தெரியும்.
இரண்டு கதை நாயகர்கள் சந்தித்தால்
முதலில் ஆள் தெரியாமல் அடித்துக்கொள்ள வேண்டும்
பன்னிரண்டு பக்கம்.
பிறகுதான் பொது எதிரி,
பிறகுதான் கைகுலுக்கல்.

"பருந்து கதைல இந்தப் பொண்ணுக்கு என்ன வேலை?"
ஆரம்பித்தவர் பக்கிரிசாமி அண்ணன்.
கொரடாச்சேரியில் உரக்கடை,
பருந்தின் முதல் இதழிலிருந்து வைத்திருப்பவர்.
"எல்லாத்துலயும் கொண்டாந்து சொருகுறாங்க."

பக்கிரிசாமி.
நாகூரில் நேர்ந்துகொண்டு வைத்த பேர் என்று
போன தீபாவளி மலர் வாங்கும்போது
அவரே சொன்னது.
நான் அதை எடுக்கவில்லை.
எடுத்தால் ஜெயித்துவிடுவேன்,
அப்புறம் பேச ஒன்றும் இருக்காது.

ஓய்வுபெற்ற வங்கி மேலாளர் எழுந்து
"நல்லிணக்கத்தின் சின்னம்" என்றார்.
கைதட்டல். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்,
வெயில்கயிற்றை நான்தான் முறுக்கியதுபோல.
சார், சின்னத்துக்கு முழங்கால் வலிக்காது.
பத்தொன்பதாம் பக்கத்தில்
தண்ணீர்த்தொட்டி மேலிருந்து குதிக்கிறாளே,
இடதுகால் மடங்கி இறங்குகிறாளே,
அதைப் பற்றி யாராவது பேசுங்களேன்.

அடியக்கமங்கலத்து அஸ்கர், பாலிடெக்னிக் இரண்டாம் வருஷம்:
"ஒவ்வொரு இதழ்லயும் நல்லவதான்னு
நிரூபிச்சுக்கிட்டே இருக்கா லாத்தா.
பருந்து ஒரு தடவை பேங்கையே இடிச்சான்,
யாரும் ஒண்ணும் கேக்கல."

என் சண்டை வேறு.
மொழிபெயர்த்த மகராசன்
அவள் வாயில் 'நம்பள்' 'நிம்பள்' போட்டிருக்கிறார்.
கூத்தாநல்லூரில் பிறந்து முப்பத்தாறு வருஷம்,
எங்கள் தெருவில் ஒருத்தர் அப்படிப் பேசிக் கேட்டதில்லை.
பலூனுக்குப் பலூன் 'யா அல்லாஹ்' வேறு.
எங்கம்மா அதைச் சொல்வது
பால் பொங்கி வழியும்போதும்
கரண்ட் பில்லைப் பார்க்கும்போதும்தான்.

நேற்றிரவு வெள்ளை மை வாங்கிவந்து
என் பிரதியில் அத்தனையும் அழித்தேன்.
பாலம் இடிந்த இரவில்
காயத்தோடு பருந்து கண்விழிக்கும் கட்டத்தில்
அவள் என்ன கேட்பாள் என்று எனக்குத் தெரியும்.
எழுதினேன்: "பசியாறிட்டியா?"

காட்டியதும் கூச்சல்.
ஷம்ஸாவுக்காக இல்லை,
அச்சடித்த இதழில் பேனா வைத்ததற்கு.
"நானூறு ரூபா புக்கை நாசம் பண்ணிட்டியேம்மா!"
அஸ்கர்கூட அந்தப் பக்கம் போய்விட்டான்.
பதினாறு பேரும் ஒரே அணி.
பொது எதிரி நான்.

அப்போதுதான் கவனித்தேன்,
பக்கிரிசாமி அண்ணன் மடியில் அவர் பிரதி.
பிளாஸ்டிக் உறை,
ஒட்டிய டேப் ஒட்டியபடி.
"அண்ணே, நீங்க இன்னும் படிக்கவே இல்லையா?"
ஓடாத விசிறியை அண்ணாந்து பார்த்தார்.
"பிரிச்சா மதிப்புப் போயிடும்."

டீ வந்தது, பக்கோடா வந்தது.
எண்ணெய்க் கையை வேட்டியில் துடைத்துவிட்டு
என் பிரதியை இழுத்துக்கொண்டார்,
ஏற்கெனவே பாழாய்ப்போனதுதானே.
வெள்ளை மை தடவிய இடங்களை
வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார்,
அடியில் என்ன இருந்ததென்று.
முப்பத்தோராம் பக்கத்தில் நின்றார்.
"இவ யாரைத் தேடிக்கிட்டு வந்தா?"
"படிங்க."
"தம்பியையா?"
"சொல்லமாட்டேன்."

எனக்கு ஏழு பத்துக்கு பஸ்.
கேட்டேன், தரவில்லை.
அடுத்த மாசம் என்று கையை மட்டும் ஆட்டினார்.

கீழே, இருட்டில்,
ஈரச் செருப்புகளுக்குள் என்னுடையதைத் துழாவும்போது
மாடியிலிருந்து அவர் குரல்,
யாரிடமோ, எரிச்சலாக:
"கேட்டதுக்கு பருந்து பதிலே சொல்லலையேப்பா.
பசியாறினானா இல்லையா?"