வலை திரும்பும் நாள்

இரண்டாயிரத்து நானூறு விளக்குகள்.
எண்ணியது நான்தான், கையெழுத்தும் என்னுடையது.
உளுந்து அளவு, நீல நிறம்.
ஒன்று அணைந்தால் அதன் வரிசையே அணையும்.
கோப்பதற்கு ஒரு வலை வேண்டும் என்றார்
மங்களூரிலிருந்து வந்த ஷெனாய் மேடம்.
புதுசு கூடாதாம். உப்பேறியது வேண்டுமாம்.

சந்தியாகு கொடுத்தார்.
நண்டு வலை, மூன்று இரவுக்கு
எழுநூற்றைம்பது வாடகை.
"கிழிச்சா தனிக் கணக்கு."

மண்டபத்து அறிவியல் காட்சியகத்தில்
நான் தற்காலிகம். ஆறு வருடத் தற்காலிகம்.
பகலில் திமிங்கல எலும்புக்குத் தூசி தட்டுவேன்,
இரவில் புரொஜெக்டருக்குக் காவல்.
கூடத்துச் சுவரில் உப்பு பூத்துவிட்டதால்
படம் முற்றத்தில்,
கொடிக்கம்பத்துக்கும் உடைமரத்துக்கும் நடுவே
கட்டிய துணியில்.

கச்சான் அடிக்கிற ஆவணி.
திரை புடைத்தால் ஆவுளியா சினைப்படுகிறது,
காற்று விட்டால் வயிறு ஒட்டிப் பட்டினி கிடக்கிறது.
பிள்ளைகள் கைதட்டியது இதற்குத்தான்.
படத்தின் கனத்த குரல் சொன்ன எதையும்
யாரும் கேட்கவில்லை.

முன்வரிசையில் பாசி எடுக்கும் பெண்கள்,
விரலில் சுற்றிய துணியைக்கூட அவிழ்க்காமல்.
கடலடி வந்தது, கழுவி வைத்த கண்ணாடி போல.
நம்புராணி உரக்கச் சொன்னாள்:
"இம்புட்டுத் தெளிவா எங்கடி இருக்கு?
நமக்கு மட்டும் கலக்கி விடுறானா?"
சிரிப்பு அடங்க இரண்டு நிமிடம் ஆயிற்று.
பிறகு பவளத்தின் மேல் ஒரு கை வந்தது.
கையுறை போட்ட கை. தொட்டது, அளந்தது,
கொஞ்சம் ஒடித்து டப்பாவில் போட்டது.
அதற்கு யாரும் சிரிக்கவில்லை.
அந்தத் தீவுப் பக்கம் இவர்கள் கை நீண்டால்
படகு போய்விடும்.

படம் முடிந்து வலையை எரியவிட்டேன்.
இரவில் கடல் மினுங்குவதை அது காட்டுகிறதாம்.
ஓர் ஓரத்தில் எழுந்து
மறு ஓரம் போய் அடங்கும் நீலம்.
அழகுதான். கோத்தவன் நானே வாய் பிளந்தேன்.

"பூங்கோரை" என்றது பின்வரிசை.
ஒரே சொல், பல வாயில், தணிந்து.
மேடம் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்.
பூவா, எவ்வளவு நல்ல பெயர் என்றார்.

போன புரட்டாசியில் கடல் பச்சைக் கூழாகி
ஓராவும் காரலும் விலாங்கும் செத்து ஒதுங்கி
ஒரு வாரம் கரையில் நடக்க முடியாததைச் சொல்ல
வாயெடுத்தேன்.
வருகைப் பதிவேட்டை நீட்டினார்கள். போய்விட்டேன்.

மறுநாள் சந்தியாகு கேட்டார்,
வலைக்கு அடியில் அண்ணாந்து நின்று:
"இது எரியறப்ப மீன் சாவும்னு
எங்கயாச்சும் எழுதியிருக்கா?"
அவர் பார்த்துக்கொண்டிருந்தது விளக்கை அல்ல,
மூன்றாம் வரிசையில்
நான் தெரியாமல் அறுத்த ஒரு கண்ணியை.

மேடத்திடம் அவர் சொன்னதைச் சொன்னேன்.
கண்ணியைச் சொல்லவில்லை.

மூன்றாம் இரவு, நீலம் மறு ஓரம் போய் அடங்கியதும்
வலையை அணைக்கச் சொன்னார்.
திரையில் வெறும் பச்சை.
படம் இல்லை, எழுத்து இல்லை, குரல் இல்லை,
நான்கு நிமிடம்.
மிஷின் போச்சு என்று பையன்கள் விசிலடித்தார்கள்.
அந்தப் பச்சை முகத்தில் விழுந்திருக்க
நம்புராணி முந்தானையால் மூக்கை மூடினாள்.
அடுத்தவளும்.
அதற்கடுத்தவளும்.

பிரித்து எண்ணினேன். இரண்டாயிரத்து முந்நூற்றுத்
தொண்ணூற்றொன்பது.
மேடம் ரயிலேறிய பிறகும் எண்ணினேன்.

சனிக்கிழமை காலை சந்தியாகு வந்தார்,
சட்டைப் பையில் வெற்றிலை மாதிரி மடித்த காகிதம்.
"நண்டு கவ்விட்டு வந்துச்சு.
எரியுதான்னு பாரு."

சுவர்க் கடிகாரத்துப் பாட்டரியைக் கழற்றி
இரண்டு கம்பியைத் தொடவைத்தேன்.
வெயிலில் ஒன்றும் தெரியவில்லை.
அவர் தன் உள்ளங்கையை என் கைமேல் கவிழ்த்தார்,
குனிந்து விரலிடுக்கில் பார்த்தார்.

"ம்" என்றார்.
"கண்ணிக்கு நாப்பது ரூவா."