சட்டைக்கையில் ஒரு பொட்டு

காலை ஆறரை. உடுப்பு மாற்றும் அறை.
சாம்பல் நிறக் கம்பளிச் சட்டை, என் சொந்தம்,
மருத்துவமனை தோய்த்துத் தராது.
வலது கையில் கறள் நிறத்தில் ஒரு பொட்டு.
அலுமாரியில் பரொட்சைட்டுப் போத்தல் இருக்கிறது.
காயத்துக்கு அதை இப்போது ஊற்றுவதில்லை,
ஆறுகிற தோலையும் சேர்த்து எரிக்கும் என்பதால்.
கறைக்கு மட்டும்தான்.

ஊற்றினேன்.
உலை பொங்குவதுபோல் வெள்ளையாய் நுரைத்தது.

மூன்று ஐம்பதுக்குக் கிரபோவ்ஸ்கி செத்துப்போனார்.
எழுபத்தெட்டு வயது. அதில் இருபத்தொன்பது
டுயிஸ்பேர்க் உருக்காலைக்கு.
சீனி வருத்தம், இதயம், கரி படிந்த சுவாசப்பை,
ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறத்தில் குளிசை.
மகள் உல்ரிக்கே ஞாயிறுகளில் கொண்டுவருவது வேறு,
தோடம்பழ வாசத்தோடு கிளாசுக்குள் சீறுவது.
"உள்ளுக்குள்ளே கறள் பிடிக்காது, அப்பா."
அவள் லிஃப்டில் இறங்கும்வரை பொறுத்திருந்து
கிளாசை என் பக்கம் தள்ளுவார்.
"நீ குடி சிஸ்டர். இரவு வேலை உனக்குத்தானே."

கறளைப் பற்றி அவருக்கு யார் சொல்ல?
மைடெரிஷின் பழைய உலை இப்போது பூங்கா.
வார இறுதி இரவுகளில் அதற்கு நீல விளக்கு.
ஜன்னலால் காட்டுவார்:
"நெருப்பு அதைத் தின்னவில்லை.
காற்றுத்தான் தின்றது."

காற்றுத்தான்.
இழுக்கும் ஒவ்வொரு மூச்சிலும் கொஞ்சம்
தாச்சியில் கடுகாய்த் தெறிக்கிறது,
பட்ட கலத்தைச் சுடுகிறது.
ஒரு நொதியம் அதைப் பிடித்துப் பரொட்சைட்டாக்கும்.
அதுவும் நஞ்சு.
இன்னொன்று அதை உடைத்துத் தண்ணீராக்கும்.
கற்றலேசு.
உயர்தர வகுப்பில் 'கற்றல் லேசு' என்று பிரித்து
வாங்கில் விழுந்து சிரித்த பெயர்.

லேசில்லை.
தோற்ற நாட்கள் கோப்பில் இருக்கின்றன,
திகதியோடு, கையெழுத்தோடு.
தோற்காத நாட்களுக்குக் கோப்பு இல்லை.
வராத புற்று. அடைபடாத குழாய்.
நாற்பத்தைந்து வயதில் வந்திருக்கக்கூடிய,
வராமலே போன,
இதே இரவு.

கனுலாவைக் கழற்றுகையில் தெறித்த துளி இது.
உடம்பு குளிரத் தொடங்கி இரண்டரை மணித்தியாலம்.
ஆலை மூடிவிட்டதை
அதற்கு யாரும் சொல்லவில்லைப் போல.
என் சட்டைக்கையில் நின்றபடி
நான் ஊற்றிய நஞ்சைத்
தண்ணீராகவும்,
யாரோ இழுக்கக்கூடிய ஒட்சிசனாகவும்
பிரித்துக்கொண்டிருக்கிறது.

குழாயைத் திறக்கக் கை போனது. திறக்கவில்லை.
நுரை தானாக அடங்கட்டும் என்று நின்றதில்
903 போய்விட்டது.

பொட்டு வெளிறியிருந்தது, முழுதாய்ப் போகவில்லை.
ஈரக் கையோடு தரிப்பிடத்துக்கு நடந்தேன்.
மார்கழிக் காற்று
அந்த ஒரு இடத்தைத்தான் தேடித் தேடித் தொட்டது.